தொரை, கோத்தோங், வீட்டு மாப்பிள்ளை

ஜொகூர் மாநிலத்திலேயே மிக வேகமாகப் படிக்கத் தெரிந்த மனிதர் யார் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் குளவியண்ணன் என்பேன். வக்கீல், டாக்டர், பேராசிரியர் எல்லாரும் வரிசையில் அவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். நாம் ஒரு மின்னஞ்சலைத் திறந்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்குள் அவர் அதைப் படித்து, பதில் எழுதி, அனுப்பிய ஆளைத் திட்டியும் முடித்திருப்பார். இத்தனைக்கும் அவருக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது.

கெலாங் பாத்தாவில், சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலத்துப் பக்கம், எங்கள் லாரி கம்பெனி இருக்கிறது. நான் கணக்குப் பிரிவில். குளவியண்ணன் எனக்குப் பக்கத்து மேசை. வாடிக்கையாளர்கள் அனுப்பும் மின்னஞ்சல்களைப் படித்து, எந்த லாரி எந்தக் கண்டெய்னரை எங்கே ஏற்ற வேண்டும் என்று டிரைவர்களுக்குப் போனில் சொல்வது அவர் வேலை. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்க்ரீன் ரீடர் என்ற மென்பொருள்தான் அவருக்குக் கண். அது சாதாரணமாகச் செய்தி வாசிப்பதுபோல நிதானமாகத்தான் படிக்கும். இவர் அதன் வேகத்தை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றி வைத்திருந்தார். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். எங்களுக்கு, மில்லோ டின்னுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி ஓர் இரைச்சல். பெயர் வந்த கதை அதுதான். வரவேற்பு மேசையில் இருக்கும் மலாய் அக்கா, காக் லீனா, அதையே மலாயில் ‘அபாங் தெபுவான்’ என்பாள். சொந்த ஊரான சாஆவில் மாதா கோயிலில் வைத்த நீளமான ஞானஸ்நானப் பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

ஹெட்ஃபோன் மாட்டச் சொன்னால் மாட்ட மாட்டார்.

“ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டா ஆபீஸ்ல நடக்கறத யாரு பாக்கறது?” என்பார்.

ஒரு காது மெஷினுக்கு, இன்னொன்று எங்களுக்கு. மூன்று மேசை தள்ளி உட்கார்ந்து சத்தமில்லாமல் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தால்கூட, “தங்கச்சி, தனியா திங்காத லா, வயிறு வலிக்கும்” என்று குரல் வரும். எந்த டிரைவர் எந்தச் செருப்பில் வருகிறான் என்பது அவருக்குத் தெரியும். முதலாளி கோபமாக வருகிறாரா சும்மா வருகிறாரா என்பதைப் படியேறும் சத்தத்திலேயே கண்டுபிடித்து எங்களுக்குச் சொல்லிவிடுவார். கண்ணிருந்த நாங்கள் அவரை நம்பித்தான் பிழைத்தோம்.

அவர் கம்ப்யூட்டர் திரை எப்போதும் அணைந்தே இருக்கும். எதற்கு வீணாக எரிய வேண்டும்? புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு நேரே முதலாளியிடம் போனார். ஒரு ஆள் நாள் முழுக்க அணைந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முணுமுணுக்கிறார் என்று புகார். எங்கள் முதலாளிக்குக் கீழக்கரைப் பக்கம் பூர்வீகம். வார்த்தையை அளந்து பேசுகிறவர்.

“அவரு ஸ்கிரீன் அணஞ்சிருக்கு, வேல நடக்குது. உங்க ஸ்கிரீன் நல்லா எரியுது தம்பி. போய் வேலயப் பாருங்க,” என்றார்.

குளவியண்ணனிடம் இருந்தது ஒரு ஸ்க்ரீன் ரீடர் அல்ல, மூன்று. மூன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். காசு கொடுத்து வாங்கியது தொரை. வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பித்தால்தான் வாயைத் திறக்கும். ஆனால் பெரிய பெரிய அட்டவணைகளை அசராமல் படிக்கும். இலவசமாகக் கிடைப்பது கோத்தோங். ஊர் கூடிக் கால்வாய் சுத்தம் செய்கிற கோத்தோங் ரோயோங் மாதிரி, உலகம் முழுக்க இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதிய மென்பொருளாம் அது. இணையப் பக்கம் என்றால் கோத்தோங்தான். மூன்றாவது கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வந்தது. அது வீட்டு மாப்பிள்ளை.

“கேக்காமலே வந்தாரு, செலவும் இல்ல. ஆனா பெரிய வேல சொல்லக்கூடாது, கோவிச்சுக்குவாரு,” என்று விளக்கம் சொல்வார்.

நாள் முழுக்க இவர்களுக்குள் ஆள் மாற்றிக்கொண்டே இருப்பார். ஒன்றை அணைத்துவிட்டுத்தான் மற்றதை எழுப்ப வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து முதலாளி ஒரு சிங்கப்பூர் வாடிக்கையாளரை உள்ளே அழைத்து வந்தார். தொரையும் கோத்தோங்கும் ஒரே நேரத்தில் உச்ச வேகத்தில் இரைந்தன. வந்தவர் தீயணைப்பு மணி என்று நினைத்துக் கதவைப் பார்த்து நகர ஆரம்பித்தார்.

குளவியண்ணன் பதறாமல், “ஒண்ணுமில்ல சார், சம்பந்திங்க ரெண்டு பேரும் பேசிக்கறாங்க,” என்றார்.

இப்படி இருந்த மனிதர் ஒருநாள் தொரை மேல் குறை சொல்ல ஆரம்பித்தார்.

“தொரைக்கு என்னமோ மூக்கடைப்பு மாதிரி இருக்கு. வார்த்தையோட கடைசிய முழுங்கறாரு.”

எல்லா வேலைக்கும் கோத்தோங்கைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து கோத்தோங்கும் சரியில்லை. “அப்டேட்ல கெடுத்துட்டானுங்க” என்றார். பெண் குரலை மாற்றி ஆண் குரல் வைத்தார். அதையும் மாற்றி இன்னும் கட்டையான ஒரு குரல் வைத்தார். வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார். புது ஸ்பீக்கர் வந்தது. பிறகு ஏர்கான் சத்தம் அதிகம் என்று சண்டை போட்டு அதன் பக்கத்திலிருந்து மேசையை நகர்த்த வைத்தார். நாங்களும் பாவம் அந்த மென்பொருளை எழுதியவர்களைச் சேர்ந்து திட்டினோம். யார் யாரையோ திட்டினோமே தவிர, ஒருவருக்கும் உண்மை தோன்றவில்லை.

ஒரு மத்தியானம், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு காக் லீனா எங்கள் பக்கம் வந்தாள். குளவியண்ணனின் மெஷின் பேசிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் நின்று கேட்டாள். சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள்.

“அபாங்! ஹாரி இனி சாயா ஃபாஹாம் லா!” என்றாள். இன்றைக்கு எனக்குப் புரிகிறதே என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லியும் காட்டினாள். தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்திலிருந்து இரண்டு கண்டெய்னர், நாளைக் காலை.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சில நாட்களாகவே எனக்கும் புரிந்துகொண்டுதான் இருந்தது. குளவி இரைச்சல் எப்போதோ நின்று, அங்கே யாரோ ஒருவர் நிதானமாகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். குறை தொரையிடமும் இல்லை, கோத்தோங்கிடமும் இல்லை.

குளவியண்ணன் கையை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தார். முகம் இறுகிவிட்டது. காக் லீனாவுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. “அலமாக், நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?” என்று மலாயில் என்னிடம் கிசுகிசுத்தாள்.

மறுநாள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நான் முறுக்குப் பொட்டலத்தை வேண்டுமென்றே சத்தமாகப் பிரித்துப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. பொட்டலத்தை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டேன். கண்ணில்லாத மனிதர் காதை வைத்துத்தான் ஓர் உலகத்தைக் கட்டி வைத்திருந்தார். வேலை, சம்பளம், நாங்கள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடற்குழு, எல்லாம் அந்தக் காது வழியாகத்தான் அவருக்குள் போயின. அந்தக் கதவும் மூடுகிறது என்றால் என்ன செய்வார்? நினைத்தாலே பயமாக இருந்தது.

பாசிர் கூடாங்கில் நிற்க வேண்டிய லாரி ஒன்று தஞ்சோங் பெலப்பாசில் போய் நின்றபோது முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“நான் கேட்டா அவரு ஒத்துக்க மாட்டாரு. நீ கூட்டிக்கிட்டுப் போம்மா. கம்பெனி வண்டியவே எடுத்துக்க,” என்றார்.

ஜொகூர் பாருவில் ஒரு காதுப் பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் குறும்புதான்.

“டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டா எனக்கு மதியச் சாப்பாடு நீ வாங்கித் தரணும், சரியா?”

கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்தார்கள். காதில் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் பரிசோதனை. வெளியே ஒரு மலாய்ப் பெண் கருவியின் முன் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் இருந்தேன்.

குளவியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து அழுத்த ஆரம்பித்தார். கொஞ்சம் நிறுத்தி அழுத்தினார். சட்டென்று இரண்டு முறை அழுத்தினார். ‘இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா’ என்ற சிரிப்பு முகத்தில். எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, நன்றாகத்தானே கேட்கிறது!

அந்தப் பெண் எழுந்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் காதிலிருந்ததை மெதுவாகக் கழற்றி, காதருகே குனிந்து மலாயில் உரக்கச் சொன்னாள்.

“பாக்சிக், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.”

அவர் கை மட்டும் பொத்தானை இன்னும் ஒரு தடவை அழுத்தியது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி, அழுகையில்தான் போய் நின்றேன். நல்ல வேளை, கண்ணாடிக்கு வெளியே இருந்தேன்.

நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். காதுக்கருவி கொஞ்ச காலம் தாங்கும், அப்புறம் அதுவும் உதவாது என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது குளவியண்ணன் வண்டியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“விரல்ல படிக்கற போர்டு இருக்குல்ல, அது மூணு பேருல யாருக்கு நல்லா ஒத்துவரும்?”

அது ஒரு நீளமான புள்ளிப் பலகை. ஸ்க்ரீன் ரீடர் வாயால் சொல்வதற்குப் பதிலாக, அதில் பிரெயில் எழுத்துகளைச் சின்னச் சின்ன ஊசிமுனைகளாக எழுப்பிக் காட்டும். விரலால் தடவிப் படிக்கலாம். பள்ளிக்கூடத்தில் கற்ற பிரெயிலை, நத்தை வேகம் என்று அவர் என்றோ தூக்கிப் போட்டிருந்தார். இப்போது நத்தையைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. பலகையை முதலாளி வாங்கிக் கொடுத்தார். விலையை நான் இங்கே எழுதினால் என்னைத் தொலைத்துவிடுவார்.

மூவரையும் திரும்பவும் வரிசையாக நிறுத்தி, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போல ஒவ்வொருவராகப் பலகையோடு சேர்த்துவைத்துச் சோதித்தார். தொரையைத் தள்ளிவிட்டார். நாளைக்கு வேலையை விட வேண்டி வந்தால் லைசென்சுக்கு யார் கட்டுவது? “மாப்பிள்ளைக்கு இப்பக் கொஞ்சம் பொறுப்பு வந்திருக்கு, ஆனா நம்ப முடியாது,” என்றார். கடைசியில் கோத்தோங்தான் நிலைத்தது. என்ன செய்தும் விரல் பழைய காதின் வேகத்துக்கு வரவில்லை. வேலையை விடுவதாக அவரே முதலாளியிடம் சொன்னார். எங்களில் ஒருவர் அவரைப் போகச் சொல்லும்படி ஆகிவிடக்கூடாது என்று நினைத்திருப்பார்.

கடைசி நாள் தன் மேசைப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவைத்து, எங்களை ஒவ்வொருவராக உட்கார்ந்து பேசச் சொன்னார். என்ன வேண்டுமானாலும் பேசலாம், காதோரம் பேச வேண்டும். காக் லீனா பேசாமல் அழுதுவிட்டுப் போனாள். முதலாளி வழக்கம்போல் திட்டினார். அவருக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது. என் முறை வந்தபோது மேசையில் கிடந்த மறுநாள் லாரிப் பட்டியலை எடுத்து வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

“இன்னும் வாசி.”

“முடிஞ்சிருச்சுண்ணே.”

“அப்ப நாளான்னிக்கு உள்ளத வாசி.”

வாசித்தேன்.

இப்போது சாஆவில் தங்கை வீட்டில் இருக்கிறார். கருவி வைத்தும் காது அநேகமாகக் கேட்பதில்லை. போனோடு பலகையை இணைத்து வைத்திருக்கிறார். நான் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினால் விரலால் படித்துப் பதில் போடுவார். போன மாதம் ஒன்று அனுப்பியிருந்தார்.

“தங்கச்சி, முன்னெல்லாம் நீ என்ன எழுதினாலும் மெஷின் குரல்லதான் எனக்குக் கேட்டுச்சு. இப்ப விரல்ல படிக்கறேன், உன் குரல்லயே கேக்குது. லீனா எழுதினா லீனா குரல். முதலாளி எழுதினா அவரு குரல். ஆனா கொஞ்ச நாள் எழுதலன்னா மங்கிப் போயிருது. நீ எழுதிக்கிட்டே இரு.”

தினமும் ஆபீசுக்கு வந்ததும் அவருக்குத்தான் முதலில் எழுதுகிறேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பேன். குரல் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு போகட்டும் என்று ஓர் ஆசை. எழுத விஷயமே இல்லாத நாட்களும் உண்டு. இன்று காலை அப்படித்தான். வெளியே நல்ல வெயில், அதை நேற்றே எழுதியாகிவிட்டது.

“அண்ணே, இங்க நல்ல மழை” என்று அடித்து அனுப்பினேன்.