சிவப்புக் கண்ணாடிக்கு ஒத்துவராத புடவை

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு. ஆனால் இப்போது இல்லை. அதற்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியைப் பற்றிப் பாடம் கேட்டாக வேண்டும். நான் ஏழு மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறேன். நீங்கள் ஒரு நிமிடம் கேட்டால் இளைத்துவிட மாட்டீர்கள்.

பாடம் நடத்துபவர் என் அப்பா சிவசங்கரன். திருக்காட்டுப்பள்ளியில் இன்னும் ஃபிலிம் போட்டுக் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கிற ஒரே ஆள். அவர் குரல் மூக்கு வழியாக வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்:

"ஸ்ம்ருதி, லென்ஸ் முன்னாடி சிவப்புக் கண்ணாடியைப் போட்டா நீல வானம் கறுத்துடும். மேகம் பஞ்சு பஞ்சா எழுந்து நிக்கும். ஆனா கண்ணாடி வெளிச்சத்தைத் தின்னும். வெளிச்சம் அளக்குற மீட்டர் காட்டுறதுக்கு மேல லென்ஸை மூணு ஸ்டாப் திறக்கணும். எட்டு மடங்கு வெளிச்சம்!"

அம்மா பர்வதம் தலையாட்டிக்கொண்டே ரசம் ஊற்றுவாள். பள்ளிக்கூடத்தில் அவள் இயற்பியல் டீச்சர். வீட்டில் ஒன்றும் தெரியாதவள்.

மாமா பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

"முகூர்த்தத்துக்கு ஒரு பட்டு, ரிசப்ஷனுக்கு ஒரு பட்டு எடுக்கணும்ங்க."

"பீரோவுல ஒம்பது தூங்குது. ஒண்ணுகூடக் கிடையாது. இதுதான் என் முடிவு."

"சரிங்க."

அம்மா 'சரிங்க' என்றால் நான் புத்தகத்தை மூடிவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடுவேன்.

அதே வாரம் தஞ்சாவூரில் புகைப்படக் கண்காட்சி அறிவித்தார்கள். போன இரண்டு வருஷமும் அப்பா படம் போன வேகத்தில் திரும்பி வந்தது. இந்த வருஷம் சுவரில் தொங்கியே ஆக வேண்டும். வயல், மேகம், வரப்பில் அம்மா. அம்மா பச்சைப் புடவையில் போய் நின்றாள். அப்பா பாத்ரூமை இருட்டாக்கிப் பிரிண்ட் போட்டார். மேகம் அற்புதம். அம்மா இருந்த இடத்தில் ஒரு கரிக்கட்டை.

"சிவப்புக் கண்ணாடி பச்சையை உள்ளே விடாது. புடவைதான் தப்பு."

"ஐயோ, என் தப்புதாங்க. எந்தக் கலரை விடும்?"

"சிவப்பை!"

"என்கிட்ட சிவப்பே இல்லையேங்க. ஒரு நூல் புடவை வாங்கிக்கவா?"

"நூலா? வெயில் பட்டா மின்ன வேண்டாம்? பட்டுதான்!"

அன்று சாயங்காலமே தஞ்சாவூர் போய்க் குங்குமச் சிவப்பில் பட்டோடு வந்தார்.

மறுநாள் அதே வரப்பு. மீட்டரை அம்மா கன்னத்தருகே நீட்டினார். மூன்று ஸ்டாப் திறந்தார்.

"ஏங்க, சிவப்புப் புடவை வெளிச்சத்தைத்தான் கண்ணாடி தின்னாதே. அதுக்கும் சேர்த்தா மூணு ஸ்டாப்பு?"

"பர்வதம், இதெல்லாம் உனக்குப் புரியாது."

"சரிங்க."

பிரிண்ட் வந்தது. புடவை வெள்ளை வெளேர். நெற்றிக் குங்குமமும் சிவப்புதானே? அதையும் காணோம். காயட்டும் என்று கூடத்தில் கொடி கட்டி மாட்டினார். உறைமோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் அத்தை அதைப் பார்த்தாள். அத்தை குரலுக்கு மூக்கை விட்டுவிட்டுத் தொண்டையைத் திறக்கவும்:

"அடி பர்வதம்! இது எப்படி ஆச்சு? காலையிலகூட மனுஷன் பேப்பர் படிச்சிட்டிருந்தாரே!"

"இப்பவும் அதான் படிக்கிறேன்" என்றார் அப்பா, கொடிக்குப் பின்னாலிருந்து.

அத்தை போட்ட அலறல் திருவையாறு வரை கேட்டிருக்கும்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஈரம் இல்லை, நான் கிட்டே போய்ப் பார்த்தேன்.

"இதை ஊர் பார்க்கத் தொங்கவிடுவீங்களா? நீங்க நல்லா இருக்கணும்ங்க. பச்சை கறுப்பாகுது, சிவப்பு வெளுத்துப்போகுது. ரெண்டும் இல்லாம ஏதாவது... எனக்கு என்ன தெரியும்?"

"வாடாமல்லி!" என்றார் அப்பா.

"எப்படிங்க உங்களுக்கு மட்டும் தோணுது?"

படம் அனுப்பக் கடைசி நாள். அப்பா புதிதாக வாங்கி வந்த வாடாமல்லிப் பட்டில் அம்மா வரப்பில் நின்றாள். பொட்டு கறுப்பு. அப்பா கண்ணாடியை மாட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தார். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மருந்துக்கும் மேகம் இல்லை. கண்ணாடியைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பர்வதம், மேகமே இல்லேன்னா கண்ணாடி எதுக்கு?"

"எதுக்குங்க?"

"கண்ணாடி இல்லேன்னா எந்தப் புடவையும் ஒழுங்கா விழுமே. அந்தப் பச்சையே போதுமே..." குரல் முதல்முறையாக மூக்கை விட்டு இறங்கியது. "நீ கல்யாணத்துக்கு எத்தனை பட்டு கேட்டே?"

"ரெண்டுங்க."