குட்டை பரத் மகளுக்குப் பேர் பார்த்த கதை

சோழவரம்.

மதிப்பிற்குரிய மச்சான் பரசுராமன் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் பரத் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், நந்தினி, அப்பா, குழந்தை நால்வரும் சுகம். ஊத்துக்கோட்டையில் தாங்கள், அக்கா, கறவை மாடு மூவரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியில் தாங்கள் சிரித்துவிடுவீர்கள், மீதியை நந்தினி பிடுங்கிச் சொல்வாள். அதனால்தான்.

வரும் ஞாயிறு தாய்மாமன் முறைக்குத் தாங்கள் குழந்தை காதில் பேர் சொல்ல வேண்டும். அந்தப் பேர் வந்த விதத்தைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது. கும்மிடிப்பூண்டி பைப் கம்பெனியில் என் ஷிப்டில் மட்டும் வெல்டிங் பரத், கிரேன் பரத், கேன்டீன் பரத் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. வெல்டிங்கில் இரண்டு பேர் என்பதால் நான் குட்டை பரத். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன மாசம் கிரேன் பரத்தோட அப்பா, பாவம், தவறிட்டாரு. ஆபீஸ்ல யாரோ என் அட்ரஸைக் குடுத்துட்டாங்க. அடுத்த யூனிட் ஆளுங்க, எங்க யாரையும் முகம் தெரியாதவங்க, ஆளுயர மாலையோட வேன்ல வந்து எங்க ஊட்டு வாசல்ல எறங்கிட்டாங்க. நான் பால் வாங்கப் போயிருந்தேன். கதவைத் தொறந்தது அப்பா. கூட்டத்துல மூத்தவரு யேசுதாஸ், அப்பா கையப் புடிச்சுக்கினு, "எப்போ போனாரு?"ன்னு கண்ணைத் தொடச்சுக்கினே கேக்குறாரு. அப்பா, "பரத்தா? இப்போதான் பாலுக்குப் போனான், வந்துருவான். அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?"ன்றாரு. "பரத்தோட அப்பாவைக் கேக்குறேங்க." "அது நான்தாம்பா!" யேசுதாஸ் மாலையோட பின்னாலயே போயி செருப்புங்க மேல உக்காந்துட்டாரு. அப்பா எல்லாருக்கும் நாஷ்டா குடுத்து, சரியான ஊட்டுக்கு வழி சொல்லித்தான் அனுப்பினாரு.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், எம்பொண்ணுக்கு ஊர்ல எவருக்கும் இல்லாத பேருதான்னு.

நந்தினிக்கு தன்விகான்னு ஆசை. எந்தப் பேரை எந்த வருஷம் எத்தினி கொழந்தைக்கு வெச்சாங்கன்னு கோடு போட்டுக் காட்டுற சைட் ஒண்ணு போன்ல கெடச்சுது. தன்விகா ராக்கெட் மாதிரி ஏறிக்கினு இருக்குது. "ஸ்கூல்ல சேக்கச்சொல்லோ கிளாஸ்ல பாதி தன்விகாதான்"னேன். "அப்போ தன்ஷிகா"ன்னா. அதுவும் ஏறுது. எழுத்துதான் மாறுது மச்சான், கூப்ட்டா எல்லாம் ஒரே சத்தம். சரி, எறங்குற பேரா பாக்கலாம்னா, என்னை மாதிரியே எல்லா அப்பனும் அதைத்தானே பாத்துக்கினு இருப்பான்? ஒரே பேஜாரு. கடைசில ஒரு பேரு தரையோட தரையா படுத்துக்கினு இருந்துது. முத்தம்மாள்! ஏறவும் இல்ல, ஏறப்போறதும் இல்ல.

"இந்தப் பேர வாசிச்சா டீச்சரே எழுந்து நின்னு வணக்கம் சொல்லுவாங்க"ன்னா நந்தினி. அதோட சரி. சோறு வருது, பேச்சு வரல. ராத்திரியெல்லாம் கொழந்தையைத்தான் பாத்துக்கினு இருப்பா, எம்பக்கம் திரும்ப மாட்டா. எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான், ஆனா வீம்பு உடல. தடுப்பூசி கார்டுல முத்தம்மாள்னே எழுதிட்டேன். ஆஸ்பத்திரில நர்சம்மா கார்டைப் பாத்துட்டு, தலையைத் தூக்காமயே, "பாட்டிம்மா, பிரஷர் பாக்குறது அடுத்த ரூமு"ன்னாங்க. வரிசையே சிரிச்சுது. நந்தினியும் சிரிச்சா மச்சான், கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா! எத்தினி நாளாச்சு அந்தச் சிரிப்பைப் பாத்து. அப்பறம் மெதுவா, "பூமிகான்னு வெப்பமா?"ன்னு கேட்டா. சைட்டைத் தொறந்துகூடப் பாக்கல, தலையாட்டிட்டேன்.

ஆகவே ஞாயிறு காலை தாங்கள் வந்து, மடியில் வாங்கி, பூமிகா என்று வாயாரச் சொல்லி ஆசீர்வதிக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். அம்மன் அருளால் எல்லாம் நல்லபடி நடக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
பரத்

பி.கு.: கவர் ஒட்டச்சொல்லோ வாசல்ல அப்பா, "புஜ்ஜீ"ன்னு கூப்ட்டாரு. எம்பொண்ணு பொக்கை வாயைத் தொறந்து சிரிச்சுக்கினே திரும்பிச்சு. பக்கத்து ஊட்டு விக்டோரியா இடுப்புல இருந்த கொழந்தையும் திரும்பிச்சு. எதிர் ஊட்டு ஜெபா தோள்ல தூங்கினு இருந்த கொழந்தையும் முழிச்சுக்கினு திரும்பிச்சு. நானும் நந்தினியும்கூட எம்பொண்ணை அது பொறந்ததுலேர்ந்து புஜ்ஜின்னுதான் கூப்புடறோம்னு இப்போதான் கவனிச்சேன். காதுல நீங்க இன்னா பேரு வேணா சொல்லிக்கோங்க மச்சான்.