ஓரத்து நாற்காலி பிளாக் பெல்ட்

கராத்தேயில் பிளாக் பெல்ட் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, பத்துப் பன்னிரண்டு வருஷம் அடியும் உதையும் வாங்கி, முட்டி தேய்ந்து, வெள்ளை, மஞ்சள், பச்சை என்று படிப்படியாக ஏறி, கடைசியில் இடுப்பில் கட்டிக்கொள்வது. இன்னொன்று, பிள்ளையை வெள்ளை உடுப்பு மாட்டி வகுப்பில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சுவரோரம் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த மூன்றாவது வாரத்தில் தானாகவே வந்து சேர்வது. நாம் பார்க்கப்போவது இந்த இரண்டாவது ரகத்தை. இதற்கு உடுப்பு வேண்டாம், பயிற்சி வேண்டாம், தொப்பை ஒரு தடையே இல்லை. நாற்காலி இருந்தால் போதும்.

இவர்களைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. மணவாள நகர், வேப்பம்பட்டு என்று எங்கே புதிதாக நாலு அடுக்குமாடி எழும்புகிறதோ அங்கே ஒரு கராத்தே வகுப்பு முளைக்கிறது. வகுப்பு முளைத்த இடத்தில் ஓரத்து நாற்காலியும் வந்துவிடுகிறது. மாஸ்டர் ஜப்பானிய மொழியில் 'இச், நி, சன்' என்று எண்ணத் தொடங்கினால் இவர்களுக்கு உதடு அசையும். பிள்ளை குத்தினால் தோள் குலுங்கும். பிள்ளை உதைக்கும்போது முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பாடு அதோகதி. பிள்ளைகள் லேசாகத் தலை குனிந்து மாஸ்டருக்கு வணக்கம் சொன்னால், இவர்கள் எழுந்து நின்று இடுப்பு வரை குனிந்து, சட்டைப்பையிலிருந்து பேனா, சில்லறை, ரயில் சீசன் டிக்கெட் எல்லாவற்றையும் தரையில் கொட்டுவார்கள்.

நம் கைக்கு அகப்பட்டவர் பொன்னேரி ஹேமநாத். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகர். அந்தக் கம்பெனிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை ஜப்பான்காரர்கள் வந்து போவதால் சுவரெல்லாம் ஜப்பானிய வார்த்தைகள். அவற்றில் ஹேமநாத்துக்கு உயிரானது 'போக்கா யோக்கே.' அதாவது, எவ்வளவு கவனமில்லாத ஆள் செய்தாலும் தப்பு நடக்கவே முடியாதபடி வேலையை முன்கூட்டியே அமைத்துவிடுவது. அவர் ஜப்பானுக்குப் போனதில்லை. ஆனாலும் ஜப்பான் சம்பந்தப்பட்டது எதுவானாலும் அது தன் இலாகா என்பது அவர் அபிப்பிராயம். மகள் இளமதி கராத்தேயில் சேர்ந்தபோது, சேர்ந்தது அவள்தான் என்பதை அவரால் கடைசி வரை முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வகுப்பு நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். முகூர்த்தம் இல்லாத சனி, ஞாயிறு காலைகளில், முந்தின வாரத்து சாம்பார் வாசனைக்கு நடுவே, இருபது பிள்ளைகள் காற்றை உதைத்துக்கொண்டிருக்கும். சொல்லித் தருபவர் வினோதா மாஸ்டர். நிஜமான பிளாக் பெல்ட். அதிகம் பேசமாட்டார். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று தான் ஒன்றைச் செய்வார், பிள்ளைகள் பின்னாலிருந்து பார்த்துச் செய்யும், பிறகு திரும்பி வந்து ஒவ்வொருவராகத் திருத்துவார். ஹேமநாத்துக்கு இந்த முதுகு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் நேராகக் கூடத்தின் நடுவுக்கே போய்விட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கினு நின்னா இந்தப் பக்கம் கொழந்த தப்பு பண்றது எப்டித் தெரியும்? எங்க கம்பெனில இதுக்கு ஒரு முற இருக்கு..."

வினோதா மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி சார். செருப்பு போட்டுக்கினு உள்ள வரக்கூடாது சார்" என்றார்.

ஹேமநாத் செருப்போடு திரும்பி வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் குணசுந்தரி தூங்கிக்கொண்டிருந்தாள். பழவேற்காட்டில் விடியுமுன் இறால் எடைபோட்டு அனுப்பிவிட்டு, மகன் மோகன்ராஜைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறவள். வகுப்பு தொடங்கினால் தூங்குவாள், முடிந்தால் விழிப்பாள். பிள்ளை என்ன பெல்ட் என்றுகூட அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. 'இப்படியும் ஒரு பொறுப்பில்லாத தாய்' என்று ஹேமநாத் வாரம் தவறாமல் அவளை நினைத்து வருத்தப்பட்டார்.

இதற்கிடையே மஞ்சள் பெல்ட் பரீட்சை அறிவித்தார்கள். இளமதிக்கு அந்தப் பெல்ட் வேண்டும். அதற்கு அவளிடம் தெளிவான காரணம் இருந்தது. வகுப்பில் பெரிய சிவப்பு மெத்தை ஒன்று உண்டு. ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் ஓடிவந்து உதைக்கலாம், உதைத்தால் மண்டபமே அதிர்வதுபோல டம்மென்று கேட்கும். வெள்ளைப் பெல்ட்காரர்கள் அதைத் தொடக்கூடாது. ஏழு வயதில் ஒரு மனுஷி வேறென்ன லட்சியம் வைத்துக்கொள்ள முடியும்? ஹேமநாத்துக்கும் அந்தப் பெல்ட் வேண்டும். ஏனென்றால் காலை லோக்கல் ரயிலில் தன்னோடு வரும் எல்லோரிடமும் அது கிடைத்துவிட்டதாகவே சொல்லியாகிவிட்டது.

அன்று முதல் வீட்டுக் கூடத்தில் சோபா சுவரோரம் போனது. பரீட்சைக்கு இருபது அசைவுகள் கொண்ட ஒரு வரிசை உண்டு, கட்டா என்று பெயர். திரும்பு, தடு, முன்னே போ, குத்து என்று போகும். ஹேமநாத் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, கம்பெனி முறைப்படி அட்டவணை போட்டு, மனப்பாடம் செய்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மகளுக்கு எதிரே நின்றார். ஆமாம், எதிரேதான். முகத்துக்கு முகம். அப்போதுதானே தப்பு தெரியும்? தினமும் ராச்சாப்பாட்டுக்கு முன்னால் நாற்பது நிமிஷம்.

"கொழந்தய உடுங்களேன், ஹோம்வொர்க் எழுதணும்" என்பாள் மனைவி பிரேமா.

"இது ஜப்பான் விஷயம், உனக்குப் புரியாது" என்பார் ஹேமநாத். தோசைகூட அவருக்கு 'இச், நி, சன்' என்றுதான் வந்து விழ வேண்டும். 'ஷி' வரைக்கும், அதாவது நாலாவது தோசை வரைக்கும், பிரேமா பொறுத்துக்கொள்வாள், அதற்கு மேல் மாவு இருக்காது.

பரீட்சை நாள் வந்தது. தேர்வாளர் அருண்பாண்டியன் சென்னையிலிருந்து வந்து, கூடத்தின் முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்தார். அன்று வினோதா மாஸ்டர் முன்னால் நிற்கக்கூடாது, பிள்ளைகள் தாங்களாகவே செய்து காட்ட வேண்டும். உயரத்தில் குறைந்தவள் என்பதால் இளமதிக்கு முதல் வரிசை. அவளுக்கு வலப்பக்கம் மோகன்ராஜ். பெற்றோரெல்லாம் சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஹேமநாத் உட்காரவில்லை. தேர்வாளருக்குப் பின்னால், கை கழுவும் குழாய்களுக்கு முன்னால், மகளின் கண் நேராகப் படுகிற ஓர் இடத்தை முதல் நாளே வந்து பார்த்து வைத்திருந்தார். அங்கே நின்று, வீட்டில் செய்தது போலவே கட்டா முழுவதையும் அவளுக்குச் செய்து காட்டுவதாகத் திட்டம். போக்கா யோக்கே. தப்பு நடக்கவே முடியாது.

"ஹஜிமே" என்றார் தேர்வாளர். ஆரம்பிக்கச் சொல்கிறார் என்று அர்த்தம்.

பத்தொன்பது பிள்ளைகள் இடப்பக்கம் திரும்பின. இளமதி வலப்பக்கம் திரும்பினாள்.

எதிரே மோகன்ராஜ். இருவரும் தடுத்தார்கள். இருவரும் ஓரடி முன்னே வந்து குத்தினார்கள். மூக்குக்கும் முஷ்டிக்கும் நடுவில் ஒரு நூல் போகிற இடம்தான் மிச்சம்.

"இன்னா?" என்றான் மோகன்ராஜ், உதட்டை அசைக்காமல்.

"நீ இன்னா?" என்றாள் இளமதி.

இருவரும் திரும்பி எதிரெதிர்த் திசையில் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கட்டா அவர்களை மறுபடி கொண்டுவந்து மோதவிட்டது. குழாயடியில் ஹேமநாத்துக்கு வியர்த்துவிட்டது. மகள் மேல் சந்தேகமில்லை, அவள் சரியாகத்தான் செய்கிறாள், மற்ற பத்தொன்பதும் ஏன் தப்பாகச் செய்கின்றன என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. கையை இன்னும் பெரிதாக வீசினார். பின்னால் ஒரு குழாய் திறந்துகொண்டது. மூன்றாவது தடவை சந்தித்தபோது மோகன்ராஜ் வேறு வழி தெரியாமல் அவளுக்குக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தான். அவளும் வைத்தாள். பின்வரிசைப் பிள்ளைகள் கட்டாவை நிறுத்திவிட்டுச் சிரித்தன. அந்தச் சத்தத்தில் குணசுந்தரி விழித்துவிட்டாள்.

தேர்வாளர் சிரிக்கவில்லை. இளமதியைக் கூப்பிட்டார்.

"இருவது ஸ்டெப்பும் நல்லா பண்ணேம்மா. ஆனா எல்லாமே எதிர்ப்பக்கம். யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"அப்பா."

கூடமே திரும்பியது. குழாயடியில் இடுப்புக்குக் கீழே நனைந்துபோய், இடது கை தடுத்த நிலையில் ஹேமநாத் நின்றிருந்தார்.

"எதிர்ல நின்னு சொல்லிக் குடுத்தா கொழந்தைக்கு இடது வலது மாறிடும் சார்" என்றார் வினோதா மாஸ்டர். "அதுக்குத்தான் நான் முதுகக் காட்டிக்கினு நிக்கறேன். கிளாஸ்ல இவ சரியாத்தான் பண்ணுவா."

"அப்போ கிளாஸ்ல இத்தன நாள் எப்டிம்மா சரியா பண்ணே?" என்றார் தேர்வாளர்.

இளமதிக்கு இதில் குழப்பமே இல்லை. "எனக்கு ரெண்டும் தெரியும் சார். மாஸ்டர்து வேற, அப்பாது வேற. கிளாஸ்ல மாஸ்டர் முன்னாடி நிப்பாங்க, மாஸ்டர்து பண்ணுவேன். இன்னிக்கி அப்பா நின்னாரு. அப்பாது பண்ணலன்னா ஊட்டுக்குப் போனப்புறம் பேஜாரு பண்ணுவாரு."

அவள் புகார் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் பிரேமா தரையைப் பார்த்தாள், ஹேமநாத்துக்கு அந்த வார்த்தை நெஞ்சில் போய் தைத்தது. தடுத்த நிலையில் நின்ற இடது கையை மெதுவாகக் கீழே இறக்கினார்.

தேர்வாளர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். "சார், கொஞ்சம் செவுரு பக்கம் திரும்பி நில்லுங்க. ரெண்டே நிமிஷம்."

ஹேமநாத் திரும்பினார். அவருக்கு முன்னால் ஏழு குழாய்களும், 'தண்ணீரை வீணாக்காதீர்' என்ற பலகையும் இருந்தன. பின்னால் ஒரு குரல் ஆரம்பிக்கச் சொன்னது. சின்னப் பாதங்கள் தரையில் தேய்வது கேட்டது. எந்தப் பக்கம் திரும்புகிறாள்? தெரியவில்லை. மூன்று வாரம் எந்தக் காட்சிக்காகத் தூக்கமில்லாமல் தவித்தாரோ அது அவர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. இந்த இனத்தில் பிறந்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்பது உங்களுக்குத் தெரியாததா? கடைசியில் வயிற்றிலிருந்து ஒரு கத்தல் கேட்டது, வீட்டில் ஒரு நாளும் அவள் அப்படிக் கத்தியதில்லை. பிறகு கைதட்டல். பிறகு யாரோ ஓடி வருகிற சத்தம். அதற்கப்புறம் மண்டபமே அதிர்வதுபோல டம்மென்று ஒன்று.

அவர் திரும்பியபோது இளமதி மஞ்சள் பெல்ட்டோடு மெத்தைப் பக்கத்தில் நின்றிருந்தாள், மெத்தையைப் பிடித்திருந்த மோகன்ராஜ் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தான். நடந்ததை முழுசாகப் பார்த்தவர்களில், அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக விழித்திருந்த குணசுந்தரியும் ஒருத்தி.

ஹேமநாத் அவளிடம் போனார். "எப்டிங்க பண்ணா?"

"சூப்பரா பண்ணுச்சி உன் பொண்ணு. என் பையனயே தள்ளி உட்டுச்சி" என்றாள் குணசுந்தரி.

அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் குனிந்து கேட்டார்: "உதைக்கும்போது ஹிப்பு திரும்புச்சா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. கராத்தே நம் வீட்டில் இல்லையே, கீபோர்டு வகுப்புதானே, ஸ்கேட்டிங்தானே, வெறும் கையெழுத்துப் பயிற்சிதானே என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். எதற்கும் இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, "நான் அந்த மாதிரி ஆளா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் அது உங்கள் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டால், பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.