ஆளில்லாத ஊருக்கு நான் குருவானவர்

ஹாக்ஸ்பி, நார்ஃபோக்
1783 மே 9

மதிப்பிற்குரிய ஆம்ப்ரோஸ் மாமா அவர்களுக்கு, தங்கை மகன் செப்டிமஸ் பணிந்து எழுதுவது. நான் சுகம். தங்கள் கால்வீக்கம் வற்றவும் அத்தையின் இருமல் நிற்கவும் ஆண்டவரை வேண்டுகிறேன்.

தாங்கள் பிரபுவிடம் சொல்லி வாங்கித் தந்த மானியப் பதவி கைக்கு வந்துவிட்டது. பிரசங்க மேடை ஏறினாலே நாக்கு ஒட்டிக்கொண்டு மயங்கி விழுகிற எனக்கு, இதைவிடப் பொருத்தமான ஊர் இங்கிலாந்திலேயே கிடையாது. நான் தங்கியிருக்கும் ஹாக்ஸ்பிக்கு அடுத்தாற்போல் இருக்கும் என் ஊரான ஓல்டு விந்தமில் கோயில் இல்லை, வீடு இல்லை, மனிதரே இல்லை. நானூறு வருஷத்துக்கு முன் கொள்ளைநோய் பாதி ஊரைக் கொண்டுபோக, மீதியை ஆடு மேய்ப்பதற்காக அந்நாளைய பிரபு விரட்டிவிட்டாராம். அதற்கும் முன்னால் ஒரு புண்ணியவான், இங்குள்ள ஆத்துமாக்களைக் கவனிக்கிற குருவானவர் பட்டினி கிடக்கக் கூடாதென்று அறுபது ஏக்கர் எழுதி வைத்திருந்தார். ஊர் செத்தது, கோயில் விழுந்தது, மானியம் மட்டும் குத்துக்கல்லாக நிற்கிறது. அதைத் தின்னத் தலைமுறை தலைமுறையாக ஒரு குருவானவரும் இருந்துகொண்டே இருக்கிறார். இப்போது என் முறை.

பதவியேற்புதான் பெரும்பாடாகிவிட்டது. ஆயர் அனுப்பிய டாக்டர் பிளெக் சட்டம் பேசுகிற மனிதர். "கோயில் கதவுல கை வெச்சு, உள்ள போய்ச் சாத்திக்கிட்டு, தனியா மணி அடிக்கணும் தம்பி. இல்லன்னா மானியம் செல்லாது" என்று ஆட்டுப்புழுக்கை நடுவில் நின்று சொல்கிறார். கதவுக்கு நான் எங்கே போவேன்? நல்லவேளை, மேய்ப்பன் ஏபல் தன் பட்டிக் கதவைத் தூக்கிவந்து வெட்டவெளியில் நட்டான். மணிக்குக் கிடாவின் கழுத்து மணி. அது கழற்ற வராததால் கிடாவையும் இழுத்துக்கொண்டு கதவைத் தாண்டி, முறைப்படி சாத்தினேன். மணியில் கை வைத்ததும் கிடா எடுத்தது ஓட்டம். விட்டால் மானியம் போச்சென்று நானும் தொங்கிக்கொண்டே ஓடினேன். மணி எத்தனை முறை அடிக்கிறதோ அத்தனை வருஷம் குருவானவர் அந்த ஊரில் இருப்பார் என்று சொல்வார்களே, அதற்காக ஏபல் வேலிமேல் ஏறி எண்ணினான். "நூத்திப் பதினாலு! யோவ், சாமிக்குச் சாவே கிடையாதுய்யா!" டாக்டர் பிளெக் சிரிக்காமல் கையெழுத்திட்டார்.

அன்றிலிருந்து காலையில் தூண்டில், மதியம் வாத்துக்கறி, மாலையில் புகைக்குழாய். இரண்டு மாதமாக ஒரு ஆத்துமாவும் என்னைத் தேடவில்லை. உள்ளதைச் சொன்னால் பரம சந்தோஷமாக இருக்கிறேன்.

அத்தைக்கு அன்பு. உங்கள் வீட்டில் ரொட்டியும் சமாதானமும் குறையாதிருக்கட்டும்.

தங்கள் தயவால் வயிறு நிறைந்த மருமகன்,
செப்டிமஸ் தாரல்டு

பி.கு.: மேலே எழுதியதை அடுப்பில் போடுங்கள். கடிதத்தை மூடி அரக்கு முத்திரை வைக்கும்போது ஒருவன் வந்து கதவைத் தட்டினான். வாய்க்கால் வெட்ட வந்தவனாம்.

"சாமி, ஓல்டு விந்தம்ல குடிசை போட்டிருக்கோம். பொண்டாட்டி பெத்துட்டா. புள்ளைக்கு மூச்சு சரியில்ல, சீக்கிரம் ஞானஸ்நானம் குடுத்துடுங்க."

"பக்கத்து ஊர்ல கேளப்பா."

"கேட்டுட்டேன். எங்க குருவானவரு நீங்கதானாம்."

ஓடினேன், மாமா. குழந்தையைக் கையில் வாங்கியபோது, மேடையில் ஒட்டிக்கொள்ளும் இந்த நாக்கு என்ன செய்யுமோ என்றிருந்தது. ஆனால் ஜெபம் பிசகாமல் வந்தது. தண்ணீர் பட்டதும் அந்தக் குட்டிப் பெண் வீறிட்டு அழுதாள். தாயும் அழுதாள், நானும் அழுதேன். பெயர் சூசன். இப்போது நன்றாக மூச்சு விடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஆராதனைக்கு வருகிறார்களாம். பழைய பிரசங்கம் ஒன்று, சிறியதாக, உடனே அனுப்புங்கள். கோயில் கட்ட என்ன செலவாகுமென்றும் விசாரித்து எழுதுங்கள். மானியம்தான் இருக்கிறதே.