கழற்றாத கொக்கி

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பாதி வேலையைத்தான் முடித்தான். நான்கு சக்கரமும் தரையில் உருள, எஞ்சின் அணைந்திருக்க, ஒரு காரை இன்னொரு வண்டியின் வாலில் கட்டி நாடு முழுக்க இழுத்துப் போகலாம் என்று கண்டவனே மனித நாகரிகத்தை முழுமையாக்கினான். அந்த மாமனிதர்களின் முதல் வரிசையில் வைத்து வணங்கத்தக்கவர் நெவில் ஹாக்கடே, ஓய்வுபெற்ற நில அளவையாளர்.

ஆஸ்திரேலியாவைச் சுற்றிவரும், படுக்கையும் அடுப்புமாக வீடே போன்ற எட்டு மீட்டர் நீள மோட்டார்ஹோமின் பின்னால், இரும்புச் சட்டத்தில் மாட்டிய ஒரு குட்டி மஞ்சள் காரை, முப்பத்தொரு மாதங்களாக அவர் கழற்றவே இல்லை. பெர்த்தில் கழற்றவில்லை. டார்வினில் கழற்றவில்லை. அந்தக் காரை வாங்கியதே பெரிய வண்டி நுழையாத இடங்களுக்குப் போவதற்காகத்தான். ஆனால் கழற்றினால் மறுபடி மாட்ட வேண்டுமே? ஆகவே காய்கறிக் கடைக்கு அவர் மனைவி பெவர்லி நடந்தே போய்வந்தார். நடை உடம்புக்கு நல்லது என்பது நெவிலின் 'கொள்கை முடிவு'.

தினமும் காலையில் 'புறப்பாட்டுச் சடங்கு' நடக்கும். நெவில் மடக்கு நாற்காலியில் அமர்ந்து, பிளாஸ்டிக் உறை போட்ட பட்டியலை வாசிப்பார். இருபத்தேழு அம்சங்கள். பெவர்லி காருக்கு அடியில் படுத்திருப்பார்.

"ஏழு. கொக்கியோட இடது பூட்டு ஊசி?"

"இருக்கு."

"எட்டு. கியர் நியூட்ரல்?"

"நியூட்ரல்தான் நெவ். வேற எதுல இருக்கும்?"

இருபத்தேழாவது அம்சம், நெவிலின் கையெழுத்து. அதை அவர் யாரிடமும் ஒப்படைத்ததில்லை.

"பாரு பெவ், முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் வந்திருக்கு, கார் மீட்டர்ல ஒண்ணுகூட ஏறல. நேத்து வாங்கின மாதிரியே இருக்கு," என்பார் பெருமையுடன்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. எங்கயுமே போகாத மாதிரி," என்பார் பெவர்லி. அதை நெவில் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

இந்தச் சாதனைக்காக, வரும் ஞாயிறன்று முர்ரே ஆற்றங்கரை முகாமில், 'நாற்சக்கர இழுவையாளர் சங்கம்' அவருக்குக் கேடயம் வழங்கவிருந்தது. விழாவுக்கு முந்திய வியாழன், முகாமில் வழக்கமான மாலை ஐந்து மணிக் கூடல். எல்லோரும் நாற்காலியை வட்டமாகப் போட்டு, பீரும் பாலாடைக்கட்டியுமாக உட்கார்ந்திருந்தபோது பெவர்லி பேச்சை எடுத்தார்.

"சனிக்கிழமை நோலீனுக்கு எழுபது வயசு. இங்கேருந்து நாப்பதே கிலோமீட்டர்."

நோலீன் அவருடைய அக்கா. ஆற்றுக்கு அக்கரையில் வீடு. நடுவில் ஒரு மரப்பாலம், மூன்று டன்னுக்கு மேல் ஏறக்கூடாது.

"அவளைக் கீழே பாலத்துகிட்ட வரச் சொல்லேன்," என்றார் நெவில்.

"அவளுக்குக் கண்ணு மங்கிட்டே வருது நெவ். எப்படி வருவா? உன் முகம் தெரியறப்பவே ஒரு தடவை வந்துட்டுப் போடின்னு ரெண்டு வருஷமா கேக்கறா. ரெண்டு வருஷமும் அந்தப் பக்கமாத்தான் போனோம். கழட்டு. அரை நாள் போதும்."

சங்கத் தலைவர் வாரன் ஸ்கல்லி பீரைக் கீழே வைத்தார். "விழாவுக்கு மூணு நாள் இருக்கறப்போ கழட்டறதா? கேடயத்துல முப்பத்தொண்ணுன்னு செதுக்கியாச்சும்மா."

"பாத்தியா," என்றார் நெவில், கனிவோடு. "போன்ல பேசிக்கோ."

பெவர்லி பாலாடைக்கட்டித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மனைவியின் இந்த 'ஒத்துழைப்பை' எண்ணி அன்றிரவு நெவில் நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை காலை, விழாவுக்காக வண்டியைக் கழுவி வரப் புறப்பட்டார்கள். வழி சொல்வது எப்போதும் பெவர்லிதான். இந்த வகை இழுவைக்கு ஒரே ஒரு முதல் விதி உண்டு: பின்னால் எடுக்கக் கூடாது. எடுத்தால் காரின் முன்சக்கரம் முறுக்கிக்கொள்ளும், சட்டம் வளைந்துபோகும். எனவே முட்டுச்சந்தில் நுழையாமல் காப்பது வழி சொல்பவரின் கடமை. முப்பத்தொரு மாதமும் அவர் தவறியதில்லை.

"இங்க இடது," என்றார் பெவர்லி.

நெவில் திரும்பினார். சாலை சரிந்தது. சரிந்த சாலை நேராக முர்ரே ஆற்றுக்குள் போய் முடிந்தது. படகு இறக்கும் சரிவு அது. வலப்புறம் அந்த மரப்பாலம். பின்னால் மூன்று பேர் மீன்பிடிப் படகுகளோடு வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"பெவ், இது ஆறு."

"ஆமா. ஆறுதான்."

"பின்னால எடுக்க முடியாதே."

"முடியாது. கழட்டித்தான் ஆகணும்."

நெவில் பட்டியலைத் தேடி எடுப்பதற்குள் பெவர்லி அடியில் படுத்துக் கழற்றிவிட்டு எழுந்துவிட்டார். நான்கு நிமிடம்.

"பத்தொம்பதாவது அம்சம் பாத்தியா?"

"பாத்தாச்சு. இருபத்தேழுதான் பாக்கி. நீ நிதானமா கையெழுத்து போடு."

பெவர்லி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்ப, கார் முதல் திருப்பிலேயே உயிர் பெற்றது. ஞாயிறுதோறும் நெவில் தூங்கும்போது பெவர்லி அதற்கு எஞ்சின் சூடேற்றிவந்த விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பின் இருக்கையில் ஒரு பெட்டியும் கேக்கும் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

"எப்ப திரும்பி வருவே?" என்று கேட்டார் நெவில்.

"நாலு சக்கரமும் தரையில இருந்தா பின்னால போகக்கூடாது நெவ். நீ சொல்லிக்கொடுத்ததுதானே," என்றார் பெவர்லி. மஞ்சள் கார் பாலத்தில் ஏறிப் போனது.

படகுக்காரர்களில் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "பெரியவரே, இப்பதான் கார் இல்லையே. ரிவர்ஸ் எடுங்க."

"பின்னால நின்னு கை காட்ட ஆள் வேணும்," என்றார் நெவில்.

மறுநாள் சங்கம் அவசரமாகக் கூடியது. சாதனை முறிந்ததா என்பதே கேள்வி. வாரன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். 'உறுப்பினர் தம் கையால் கழற்றினால் மட்டுமே சாதனை ரத்து' என்றிருந்தது. இரண்டு மணி நேரம் விசாரித்து, தீர்ப்பை எழுந்து நின்று வாசித்தார். முப்பத்தொரு மாதத்தில் நெவில் ஹாக்கடே அந்தக் கொக்கியை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை என்பது ஐயமின்றி உறுதியானதால், கேடயம் அவருக்கே வழங்கப்பட்டது.