கொப்பி அண்ணை எழுதாமல் விட்டது எதுவுமில்லை

என் மானமும் இதில் கிடப்பதால், இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். எண்பதுகளில் சுவிஸுக்கு வந்த இலங்கைத் தமிழரில், உண்மையை எழுதியே சபையைக் கலங்கடித்தவர் கொப்பி அண்ணை ஒருவர்தான்.

ஆரா நகரில் ஒரு பழைய தேவாலயத்தைக் கூட்டித் துடைப்பது அவர் வேலை. அங்கே முன்னூறு வருடத்துக்கு முந்திய பிரசங்கக் கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. போதகர் பேசப் பேச, வாங்குப் பலகையில் அமர்ந்து கேட்டவர்கள் எழுதியவை. ஒன்றின் ஓரத்தில், பிரசங்கத்தின் நடுவே ஒரு நாய் உள்ளே வந்ததைக்கூட எழுதியிருப்பதாகக் காவல்காரக் கிழவர் வாசித்துக் காட்டினாராம். அன்றோடு அண்ணைக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது.

ஞாயிறு மாலை அதே தேவாலயத்தில் எங்கள் தமிழ் ஆராதனை. போதகர் சூரிச்சிலிருந்து ரயிலில் வருவார். அண்ணை முன்வாங்கில் நோட்டுக் கொப்பியோடு இருப்பார். "இங்கே ஐயா இருமினார்." "இங்கே ஐயா வசனத்தை மறந்து கூரையைப் பார்த்தார்." போட்டோக்கொப்பி எடுக்கச் சொன்னால், "மிசினுக்கு விசுவாசம் இருக்கோ?" என்பார். கையாலேயே பிரதி எழுதி ஊருக்கு அனுப்புவார். சண்டையால் எங்கள் ஊர்ச் சபையில் போதகர் இல்லை. பிரசங்கத்துக்குப் பதிலாக அதைத்தான் உரத்து வாசிப்பார்கள்.

ஒரு ஞாயிறு, ஓல்டன் நகரில் ஹோட்டல் சட்டிகளைக் கழுவிவிட்டு வந்தவன் நான். கூட்டம் முடிந்ததும் கொப்பியை எட்டிப் பார்த்தேன். "இங்கே செல்வம் குறட்டை விட்டார்." செல்வம் நான்தான்.

"அண்ணை, அதை வெட்டுங்கோ. அங்கை என்ர மனுசியும் இருந்து கேக்கிறவ."

"நித்திரை கொண்டனியோ, இல்லையோ?"

"கண்ணை மூடி ஜெபிச்சனான்."

"ஜெபம் ஏனடாப்பா மூக்காலை வருது?"

"ஐயான்ர இருமலோடை நிப்பாட்டுங்கோவன்!"

"ஐயான்ர இருமல் எழுதலாம், உன்ர குறட்டை எழுதக் கூடாதோ? போடா."

பிரதி குறட்டையோடேயே தபாலில் போய்விட்டது. பக்தியுள்ள புருஷன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவள். இனி எனக்குக் கடிதமே வராது என்று நினைத்தேன்.

வந்தது. "வாசிக்கேக்கை சனமெல்லாம் சிரிச்சது. எனக்கு அழுகை வந்திட்டுது. அங்கை போன நாள் தொட்டு நித்திரை இல்லை எண்டு எழுதினியள். இப்ப நல்லா நித்திரை கொள்ளுறியள் எண்டு அறிஞ்சு கர்த்தருக்குத் தோத்திரம் சொன்னன்."

கடிதத்தை அண்ணையிடம் நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாற ஞாயிறு எனக்குப் பக்கத்திலை இரு," என்றார். "தூரத்திலை இருந்தா உன்ர குறட்டை வடிவாக் கேக்குதில்லை."

இதை யாருக்காவது சொல்வதானால், குறட்டையையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு சொல்லை விட்டாலும் அந்த மனுசனுக்கு மனம் ஆறாது.