சகலை வண்டியில் நான் மாட்டிய மட்கார்டு

ஆரணி,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை தனசேகரன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மூத்த மகள் ஜெயப்ரியாவும் சுகம். போளூரில் உங்கள் முட்டிவலியும் அத்தையின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசியிருப்பேன், ஆனால் நான் போனை எடுத்தாலே ஜெயப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்து காய் நறுக்க ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இளைய மாப்பிள்ளை கிரண், தன் கையாலேயே பூட்டிய காரில் உங்களை உட்கார வைத்து ரைஸ் மில் களத்தைச் சுற்றப்போவதாகவும், நீங்களும் சரி என்று சொல்லிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். தயவுசெய்து உட்கார வேண்டாம். பொறாமையில் எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள். போன வருஷம் நான் புதுக் கார் வாங்கி உங்களை வேலூருக்கு அழைத்துப் போனபோது, போகும்போதும் வரும்போதும் தூங்கிவிட்டு, இறங்கும்போது "ஏசி ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னீர்கள். அதைக்கூட நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பேங்க்கில் வேலை பார்க்கிற மனிதர், ஒரு காரைப் பாகம் பாகமாகப் பெட்டிகளில் வரவழைத்து, நண்பரின் மில் ஷெட்டில் வைத்துப் பூட்டுகிறார் என்றதும் ஊரே அங்கே போகிறது. என் கடைக்குப் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள் முந்தானையை விரித்துப் பார்த்துக்கொண்டே "உங்க சகலை வண்டி எந்த மட்டுல இருக்குதுங்க?" என்று கேட்கிறார்கள். என்ன செய்வேன் மாமா, நானும் போனேன். உதவி செய்யத்தான் போனேன்.

அன்றைக்கு மட்கார்டு மாட்டுகிற வேலை. அந்த வண்டியின் சட்டம் முழுக்க இரும்புக் குழாய். உள்ளே கைவிட்டு நட்டைப் பிடிக்க முடியாது. அதற்கென்றே ரிவெட் நட் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே மரை போட்ட குட்டிக் குழல். ஓட்டை போட்டுச் செருகி, அதற்கென்று இருக்கும் 'கன்' என்கிற கைக்கருவியால் அழுத்தினால் பின்பக்கம் புடைத்துக்கொண்டு கவ்வும். பிறகு போல்ட்டை முன்பக்கமிருந்தே முடுக்கிவிடலாம். கிரண் எடுத்து வைத்திருந்தது வரிவரியான, மங்கலான ஸ்டீல். பெட்டியில் வழவழவென்று அலுமினியமும் இருந்தது. பட்டு பார்த்துப் பழகிய கண் மாமா, பளபளப்பு இருக்கும் இடத்துக்குத் தானாகப் போகும். இது இருக்க அது எதற்கு என்றேன். "மட்கார்டு அதிர்ந்துகினே இருக்கும்ணா. வரி போட்ட ஸ்டீல்தான் சுத்தாம புடிக்கும்" என்றார் கிரண். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர் தும்மினாலும் தலையாட்டுகிற கூட்டம் அது.

அவருக்கு போன் வந்து வெளியே போன நேரத்தில், ஒரு பக்க மட்கார்டை நானே முடித்துக் காட்டிவிடலாம் என்று இறங்கினேன். அலுமினியத்தையே எடுத்தேன். ஓட்டைக்குள் இறுக்கமாகப் போனது. தாராளமாக இருக்கட்டும் என்று டிரில்லில் பெரிய பிட்டைப் போட்டு ஓட்டையை அகலப்படுத்தினேன். அழகாக உட்கார்ந்தது. கன்னை அழுத்தினேன், கவ்வியது மாதிரியே இருந்தது. போல்ட்டை முடுக்கினேன் பாருங்க, பாதி உள்ள போனதும் நட்டும் சேர்ந்து சுத்த ஆரம்பிச்சிடுச்சி. முடுக்கினாலும் சுத்துது, கழட்டினாலும் சுத்துது. சரி, அடுத்த ஓட்டையாவது பாப்போம்னு போனா, கன்னோட முனை நட்டுக்குள்ள மாட்டிகினு வரவே மாட்டேங்குது. நான் இழுக்க இழுக்க வண்டியே என் பின்னால உருண்டு வருது. ஒரே பேஜாரு. வேடிக்கை பார்த்தவங்க செல்போன்ல படம் புடிச்சிகினாங்க.

கிரண் வந்து பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. அவரிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான் மாமா. கன்னைத் திருகிக் கழற்றினார் (அதைத் திருகித்தான் கழற்ற வேண்டுமாம்). சுற்றிய நட்டைக் குறடால் பிடித்துக்கொண்டு டிரில் போட்டு எடுத்தார். என் பெரிய ஓட்டைக்குத் தகுந்தபடி பெரிய ஸ்டீல் நட்டாகத் தேடிப் போட்டார்.

வீட்டுக்கு வந்தால் ஜெயப்ரியா அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "எங்கப்பா உங்கள ஒரு வார்த்த நல்லா சொல்லணும். அதுக்குத்தான இவ்ளோவும்?" என்று கேட்டாள். அன்று நான் சாப்பிடவில்லை.

ஆகவே மாமா, ஒரு பக்க மட்கார்டில் என் கை பட்டிருக்கிறது என்பதை நினைத்தாவது நீங்கள் அந்த வண்டியில் உட்கார வேண்டாம். உங்கள் இளைய மகள் தேவிப்ரியாவிடம் முட்டிவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அத்தைக்கு என் நமஸ்காரம். தேவிகாபுரத்து அம்மன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், உங்களுக்கு மட்டும் தனியாக நல்ல புத்தியையும் தர வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரிசைப்படி முதல் மாப்பிள்ளை,
தனசேகரன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் கிரண் வந்துவிட்டார். "மாமா ஒக்கார்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு ரவுண்டு வந்து பாருங்கண்ணா" என்று மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வண்டிக்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. களத்தைச் சுற்றியபோது காற்று முகத்தில் அடித்த வேகத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. என் பக்கத்து மட்கார்டு அசையவே இல்லை. இன்னொரு ரவுண்டு, இன்னொரு ரவுண்டு என்று பெட்ரோல் தீரும்வரை இறங்கவில்லை. ஆகவே மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். வண்டி மிகவும் பத்திரமானது. ஆனால் ஓட்டுகிறவரைத் தவிர அதில் ஒரே ஒரு சீட்டுதான். ஞாயிற்றுக்கிழமை அதில் நான் உட்காருவதாகப் பேசி முடித்தாயிற்று. நீங்கள் அவசியம் வாருங்கள். களத்து ஓரம் நிழலில் நாற்காலி போட்டு வைக்கிறேன். வண்டி உங்களைத் தாண்டும்போது இடது பக்க மட்கார்டைப் பாருங்கள். அது நான் போட்டது.